கார் சாவி தொலைந்தால், உடைந்தால், திருடு போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் சாவிகளுக்குக் கோடிங் போடுவது என் தொழில். புதுச் சாவியை வண்டியின் கணினியில் பதிவு செய்வதைத்தான் கோடிங் என்கிறோம். வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் பலர் அதைக் கேட்கும்போது கடைசிச் சாவியும் கையைவிட்டுப் போயிருக்கும். ஒரு சாவியாவது கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டால் செலவும் அலைச்சலும் எவ்வளவோ குறையும். அதற்காகவே இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மாடலுக்கு மாடல் செய்முறை மாறும், அடிப்படை மாறாது.

சாவி ஒண்ணுக்கு இவ்வளவு காசா? ஒரு இரும்புத் துண்டும் ரெண்டு பட்டனும்தானே?

பார்க்க ஒரே பொருள்தான், ஆனால் உள்ளே மூன்று இருக்கின்றன. கதவையும் இக்னிஷனையும் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. தூரத்திலிருந்து கதவைத் திறந்து பூட்டும் ரிமோட் இன்னொன்று, பேட்டரி இதற்குத்தான் தேவை. மூன்றாவது, எஞ்சின் ஓட அனுமதி வாங்கித் தரும் சிப். தகட்டை வெட்டுவது சின்ன வேலை. சிப்புக்கும், அதை வண்டியில் பதிவு செய்யும் கருவிக்கும், அந்த வேலை தெரிந்தவரின் நேரத்துக்கும்தான் காசு போகிறது.

பெரும்பாலான சாவிகளில் இந்த மூன்றும் தனித்தனியாக வேலை செய்பவை. ரிமோட் செத்தாலும் சிப் உயிரோடு இருக்கும். சிப் போனாலும் தகடு கதவைத் திறக்கும். அதனால் 'சாவி கெட்டுப்போச்சு' என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, 'கதவு திறக்கவில்லையா, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா?' என்பதைத்தான். அந்தப் பதிலிலேயே பல சமயம் செலவு பெருமளவு குறைந்துவிடும்.

சிப் சிப்னு சொல்றீங்களே, அது என்னதான் செய்யுது?

இக்னிஷன் துவாரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், அதற்குள் கம்பிச் சுருள். சாவியைப் போட்டுத் திருப்பியதும் அந்தச் சுருள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அதன் அதிர்வெண் பெரும்பாலான வண்டிகளில் 125 கிலோஹெர்ட்ஸ், சிலவற்றில் 134.2. சிப்புக்குத் தேவையான மின்சாரம் அந்தப் புலத்திலிருந்தே கிடைத்துவிடும். அதற்கென்று பேட்டரி கிடையாது. பத்து வருஷம் அலமாரியில் கிடந்த சாவியும் வண்டியை ஸ்டார்ட் செய்வது இதனால்தான்.

எழுந்த சிப்பிடம் வண்டி ஒரு எண்ணைக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு எண். சிப் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. வண்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தி, அந்தச் சிப் வண்டியின் பட்டியலிலும் இருந்தால்தான் எஞ்சினுக்கு அனுமதி. இல்லாவிட்டால் எரிபொருளோ ஸ்டார்ட்டரோ தடுக்கப்படும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர். ரகசியக் குறியீடு காற்றில் போவதே இல்லை, விடை மட்டும்தான் போகிறது. 'பட்டியல்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், இனி வரும் பாதிப் பதில்கள் அதைப் பற்றியவை.

டூப்ளிகேட் சாவி வெட்டினேன். கதவு திறக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டே விநாடியில நின்னுடுது. எஞ்சின் போச்சா?

எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. தகடு சரியாக வெட்டப்பட்டிருக்கிறது, சிப் இல்லை, அல்லது இருந்தும் பட்டியலில் சேரவில்லை. சில வண்டிகள் ஓடி உடனே நிற்கும், சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது. டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு வேகமாக மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் விஷயம் இம்மொபிலைசரில் இருக்கிறது. ஒரிஜினல் சாவியைப் போட்டதும் வண்டி ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கார்களின் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்திருந்தால், பக்கத்துச் சாவியின் சிப்பும் சேர்ந்து எழுந்து குழப்பம் செய்யலாம். எப்போதாவது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் வண்டி என்றால், முதலில் சாவியைத் தனியாகக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

ரிமோட் வேலை செய்யலை. புதுச் சாவிதான் வாங்கணுமா?

அவசரப்படாதீர்கள். பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான ரிமோட்களில் இருப்பது மூன்று வோல்ட் நாணய பேட்டரி: சிஆர் 2032, சிஆர் 2025, சிஆர் 1632 போன்றவை. அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2032 இருந்த இடத்தில் 2025 போட்டால் தளர்வாக உட்கார்ந்து சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. பழையதில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் பேட்டரி மாற்றியபின் மறுபடி கோடிங் தேவையில்லை.

மாற்றியும் பயனில்லை என்றால் இன்னொரு சாவியின் ரிமோட்டை அழுத்துங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் குறை வண்டியின் பக்கம்: கார் பேட்டரி, ஃபியூஸ், ரிசீவர் இவற்றில் ஒன்று. அது வேலை செய்தால் குறை முதல் சாவியில். பெரும்பாலும் பட்டனுக்கு அடியிலுள்ள சின்ன சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது போர்டிலிருந்து விட்டிருக்கும். சால்டர் வைக்கத் தெரிந்தவர் கால்மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார்.

கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவைக்காதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் பலமாக அரித்துவிடும். செத்த பேட்டரியும் அப்படித்தான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி. ரிமோட் பேட்டரி செத்துப்போய் வெளியில நிக்கிறேன். எப்படி உள்ளே போறது, எப்படி ஸ்டார்ட் பண்றது?

சாவியின் ஓரத்தில் ஒரு சின்ன அழுத்தானோ நழுவும் தாழோ இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகத் தகடு வெளியே வரும். ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் பூட்டுத் துவாரத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் ஒரு மூடி அதை மறைத்திருக்கும். தகட்டால் திறக்கும்போது அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம். வண்டி சாவியை அடையாளம் கண்டதும் அடங்கிவிடும்.

உள்ளே போனபின் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். சில மாடல்களில் கப் வைக்கும் குழியிலோ ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ சாவி வைப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கும். சிப்புக்கு பேட்டரி தேவையில்லை என்று மேலே சொன்னேனே, அதே தத்துவம்தான். உங்கள் வண்டியில் அந்த இடம் எது என்பதை இன்றே கையேட்டில் பார்த்து, ஒருமுறை செய்தும் பாருங்கள்.

சாவியோட கூடு உடைஞ்சு போச்சு. கூடு மட்டும் மாத்தலாமா?

தாராளமாக. ஆனால் பழைய கூட்டைக் குப்பையில் போடும்முன் நிறுத்துங்கள். பல சாவிகளில் சிப் ரிமோட் போர்டில் இருக்காது. தகட்டின் வேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழியில் தனியாகச் செருகியிருக்கும். கருப்பு நிறத்தில், ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்த துண்டு, அல்லது சின்னக் கண்ணாடிக் குழல். பார்த்தால் பிளாஸ்டிக் பிசிறு என்றுதான் நினைக்கத் தோன்றும். போர்டை மட்டும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டு இதை மறந்தால் கதவு திறக்கும், பட்டன் வேலை செய்யும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. கூடு மாற்றியபின் வண்டி நின்றுபோனதாகச் சொல்லி வருகிறவர்களிடம் பழைய கூடு எங்கே என்றுதான் முதலில் கேட்பேன்.

சிப்பை எடுக்கும்போது குறடால் நெம்பாதீர்கள். கண்ணாடிக் குழல் கீறல் விட்டால் முடிந்தது. ஊசிமுனையால் அடியிலிருந்து மெல்ல உயர்த்தி, புதுக் குழியில் ஒரு சொட்டுப் பசையோடு வையுங்கள். ஆடினால் நாளடைவில் தொல்லை தரும்.

பேன்ட்டோட சேத்துத் துவைச்சுட்டோம். செத்துடுச்சா?

பெரும்பாலும் பிழைக்கும். உடனே திறந்து பேட்டரியை எடுங்கள், ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் போர்டு அரிக்கும். சோப்புத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் துடைத்து, ஒரு நாளாவது காற்றாட வையுங்கள். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் வேண்டாம். காயும் முன் பட்டனை அழுத்திப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள்.

ஒத்தச் சாவியிலேயே வருஷக்கணக்கா ஓட்டிட்டிருக்கேன். இப்ப எதுக்கு ரெண்டாவதுக்குச் செலவு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரு சாவி வேலை செய்யும்போது இரண்டாவது செய்வது பல வண்டிகளில் எளிய வேலை. இருக்கும் சாவியே வண்டிக்கு அத்தாட்சி. பழைய சிப் வகைகள் பலவற்றை அப்படியே நகல் எடுக்கலாம், வண்டிக்கே போக வேண்டாம். சில வண்டிகளில் இரண்டு சாவிகள் கையில் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே எந்தக் கருவியும் இல்லாமல் பதிவு செய்துகொள்ளலாம், கையேட்டில் முறை இருக்கும். சாவி ஒன்றாகக் குறைந்ததுமே அந்த வசதி போய்விடும்.

ஒன்றும் இல்லை என்ற நிலைக்கு வந்தால் வேலை வேறு மாதிரி. வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது, ஸ்டியரிங் பூட்டியிருக்கும், இழுத்துப்போகும் வண்டியும் ஆளும் சேர்ந்துகொள்ளும். இதனால்தான் இரண்டாவது சாவியை ஆடம்பரமாக நினைக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். ரிமோட்டுக்குக் காசில்லை என்றால், பட்டன் இல்லாத வெறும் சிப் சாவியாவது செய்து வையுங்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர அது போதும். அதை வண்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

எல்லாச் சாவியும் போச்சு. இனி என்ன வழி?

வழி உண்டு. முதலில் காகிதங்களைத் தேடுங்கள்: வண்டியின் பதிவுச் சான்று, உங்கள் அடையாள அட்டை. வண்டி வாங்கியபோது கொடுத்த உறையில் சாவி எண் பொறித்த சின்ன உலோகத் தகடோ, ரகசிய எண் உள்ள அட்டையோ இருந்தால் அதிர்ஷ்டம். சாவி எண் இருந்தால் பூட்டைக் கழற்றாமலே தகடு வெட்டலாம். ரகசிய எண் இருந்தால் பல வண்டிகளில் கோடிங் விரைவாக முடியும்.

இல்லாவிட்டால் இரண்டு பாதைகள். டீலர் வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமிருந்து சாவியை வரவழைத்து, வண்டியில் பதிவு செய்வார். வெளியில் செய்கிறவர் கதவுப் பூட்டிலிருந்து வெட்டுக் கணக்கை எடுத்துத் தகடு செய்து, டாஷ்போர்டுக்கு அடியில் வண்டியின் கணினியோடு கருவியை மாட்டும் ஓபிடி இணைப்பு வழியாகச் சாவியைச் சேர்ப்பார். சில வண்டிகளில் அது நடக்காது. கணினிப் பெட்டியைக் கழற்றி, அதிலுள்ள நினைவகச் சில்லை நேரடியாகப் படித்துத்தான் எழுத வேண்டும். கவனம் கெட்டால் கணினியே போய்விடக்கூடிய வேலை அது, கை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

உரிமையைக் காட்டும் காகிதம் எதுவும் கேட்காமல் 'சரி, செஞ்சிடலாம்' என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு நாளை வேறொருவர் போய்க் கேட்டாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

டீலர்கிட்ட போறதா, வெளியில போறதா?

புதிய மாடல், வாரண்டியில் உள்ள வண்டி, சாவி சேர்க்கத் தயாரிப்பாளரின் சர்வரோடு இணைய வேண்டிய வண்டி என்றால் டீலர். சில வருஷம் ஆன வண்டிக்கு, நல்ல கருவி வைத்திருக்கும் வெளி ஆள் விலை குறைவாகவும் வேகமாகவும் செய்வார். நின்ற இடத்துக்கே வரவும் செய்வார்.

விலை பேசும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். சொல்லும் தொகையில் தகடு வெட்டுவது, ரிமோட், கோடிங் மூன்றும் அடக்கமா? ஒரிஜினலா, வேறு கம்பெனி தயாரிப்பா? பழைய சாவிகள் பட்டியலில் இருக்குமா, அழிந்துவிடுமா? சாவி கொஞ்ச நாளில் மக்கர் செய்தால் யார் பொறுப்பு? வேறு கம்பெனிச் சாவிகளில் நல்லவையும் உண்டு, ரிமோட்டின் வீச்சு மட்டும் சற்றுக் குறையலாம்.

ஆன்லைன்ல பழைய ஒரிஜினல் ரிமோட் மலிவா கிடைக்குது. வாங்கிக் கொடுத்தா கோடிங் போடுவீங்களா?

பெரும்பாலும் முடியாது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகளுக்கான ஸ்மார்ட் சாவிகள் பல, ஒரு வண்டியில் பதிவானதும் தம்மைத்தாமே அந்த வண்டிக்குப் பூட்டிக்கொள்ளும். சிலவற்றைக் கருவி வைத்துத் திறந்து புதியது போலாக்கலாம், பலவற்றை முடியாது. அதிர்வெண்ணும் பொருந்த வேண்டும். வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் தயாரான ரிமோட்கள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் மற்றப் பல நாடுகளிலும் 433.92. வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. வாங்கும் முன் போர்டில் உள்ள பாக எண்ணைச் சாவி செய்கிறவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒரு சாவி எங்கேயோ விழுந்துடுச்சு. கண்டெடுத்தவன் வண்டியை எடுத்துட்டுப் போக முடியுமா?

முடியும். அந்தச் சாவி இன்னும் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வண்டி எது, எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். அதனால் புதுச் சாவி செய்தால் மட்டும் வேலை முடியவில்லை. தொலைந்ததைப் பட்டியலிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து நீக்க முடியாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையில் இருப்பவற்றை மறுபடி சேர்ப்பார்கள். ஆகவே வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப்போங்கள். விட்டுவிட்டுப் போனால் வீட்டில் இருக்கும் சாவியும் செத்துவிடும்.

அழித்தபின் அந்தச் சாவியால் எஞ்சின் ஓடாது. ஆனால் உலோகத் தகடு கதவைத் திறக்கும், அதைக் கணினியால் தடுக்க முடியாது. சாவி பையோடு திருடு போய், பையில் முகவரியும் இருந்ததென்றால் பூட்டையும் மாற்றிவிடுவது நல்லது. காவல் நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவித்து வையுங்கள். வண்டி திருடு போய் இழப்பீடு கேட்கும்போது எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்று குறைந்தால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். ரெண்டு சாவி கொடுத்தாங்க. போதும்தானே?

கையில் இரண்டு இருக்கின்றன, பட்டியலில் எத்தனை? சாவி சேர்க்கும் கருவியை மாட்டினால் பல வண்டிகள் அந்த எண்ணிக்கையைக் காட்டும். கையில் இரண்டும் பட்டியலில் நான்கும் இருந்தால், மற்ற இரண்டும் யாரிடமோ இருக்கின்றன. முந்தைய உரிமையாளர் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய டிரைவரையோ மெக்கானிக்கையோ நமக்குத் தெரியாது. மேலே சொன்ன முறையில் எல்லாவற்றையும் அழித்து உங்களுடையதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் ஆப்பில் இயங்கும் வண்டி என்றால் பழைய கணக்கையும் நீக்கச் சொல்லுங்கள், அதுவும் ஒரு சாவிதான்.

நான் ரிமோட் அழுத்துறப்போ எவனாவது அந்த சிக்னலைப் பதிவு பண்ணி, அப்புறமா அதை வச்சுத் திறக்க முடியாதா?

பழைய ரிமோட்கள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பின, அவற்றில் அது முடிந்தது. இப்போது உள்ளவற்றில் அழுத்தும் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும். சாவியில் ஓர் எண்ணி ஓடுகிறது, வண்டியும் அதைத் தொடர்கிறது. ஒருமுறை ஏற்ற குறியீட்டை வண்டி மறுபடி ஏற்காது. 'வண்டி இல்லாத இடத்தில் குழந்தை ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை தப்பிவிடாதா?' என்றும் கேட்பார்கள். அதற்குச் சலுகை உண்டு. பரவலாகப் பயன்பட்ட கீலாக் என்ற முறையில் 16 அழுத்தங்கள் வரை தாண்டியிருந்தால் அப்படியே ஏற்கும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தியபின் ஒத்துப்போகும்.

இதையும் ஏய்க்க முடியும் என்று 2015இல் சாமி கம்கர் என்ற ஆய்வாளர் காட்டினார். அவருடைய சின்னக் கருவி முதல் அழுத்தத்தை வண்டிக்குப் போகவிடாமல் இரைச்சலால் தடுத்து, தான் பதிவு செய்துகொள்ளும். வண்டி திறக்காததால் நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள். கருவி இரண்டாவதையும் பிடித்து வைத்துக்கொண்டு, முதலாவதை வண்டிக்கு அனுப்பும். கதவு திறக்கும், உங்களுக்குச் சந்தேகமே வராது. பயன்படாத இரண்டாவது குறியீடு கருவி வைத்திருக்கும் திருடன் கையில். இதனால் கதவைத்தான் திறக்கலாம், எஞ்சினை ஓட்ட முடியாது. பொது இடத்தில் ரிமோட் முதல்முறை வேலை செய்யாமல் இரண்டாம் முறை வேலை செய்தால், நடந்துபோகும்முன் கைப்பிடியை இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிப்போட ரகசியக் கணக்கை யாராவது உடைச்சிருக்காங்களா?

பலமுறை. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தையும் சேர்ந்தவர்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 40 பிட் சிப்பை உடைத்தார்கள் (பிட் என்பது ரகசிய எண்ணின் நீளம்). 2008இல் ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகக் குழு, சிப் உண்ணும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே கீலாக் ரகசியத்தை வெளியே எடுத்தது. 2012இல் ஹைடேக் 2 என்ற 48 பிட் சிப், சில நிமிடங்களில். மெகாமாஸ் சிப்பைப் பற்றிய ஆய்வை 2013இல் வெளியிட விடாமல் இங்கிலாந்து நீதிமன்றம் தடை விதித்தது, 2015இல்தான் அது வெளிவந்தது. 2018இல் லூவன் பல்கலைக்கழகத்தார் டெஸ்லா மாடல் எஸ் சாவியைச் சில விநாடிகளில் நகலெடுத்துக் காட்டினார்கள். காரணம் பழைய 40 பிட் முறைதான், 2005இல் உடைந்தது என்று ஊருக்கே தெரிந்த அதே முறை.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சாவிக்குள் இருக்கும் கணக்கை ரகசியமாக வைத்தாலே பாதுகாப்பு என்று தயாரிப்பாளர்கள் பல காலம் நம்பினார்கள். உடைந்த பிறகும் அதே சிப்பில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. உலகமே அலசிப் பார்த்துத் தேறிய ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை 128 பிட் ரகசிய எண்ணோடு இப்போது பல சிப்களில் இருக்கிறது. அதில் கணக்கு ஊரறிந்தது, எண் மட்டுமே ரகசியம். புது வண்டி வாங்கும்போது நிறத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இதையும் கேட்டால் நன்றாயிருக்கும்.

சாவி வீட்டுக்குள்ள இருக்கும்போதே வாசல்ல நிக்கிற வண்டியைத் திருடிடுறாங்களாமே?

உண்மை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் வண்டி மெல்லிய குரலில் 'சாவி பக்கத்தில் இருக்கிறதா?' என்று கேட்கிறது. அந்த அலை ஓரிரு மீட்டர்தான் போகும் என்பதால், பதில் வந்தாலே சாவி பக்கத்தில் இருப்பதாக வண்டி முடிவு செய்கிறது. திருடர்கள் இருவர் வருவார்கள். ஒருவன் வண்டிப் பக்கம், இன்னொருவன் வீட்டுச் சுவரோரம். வண்டியின் கேள்வியை அவர்கள் கருவி பெருக்கிச் சுவரோரம் கொண்டுபோகும், உள்ளே மேசையில் கிடக்கும் சாவி நேர்மையாகப் பதில் சொல்லிவிடும். எந்த ரகசியத்தையும் அவர்கள் உடைக்கவில்லை, ஏஇஎஸ் இருந்தாலும் பயனில்லை. சூரிச் ஆய்வாளர்கள் 2011இல் எட்டுத் தயாரிப்பாளர்களின் பத்து கார்களில் இதைச் செய்துகாட்டினார்கள்.

தடுப்பு எளிது. அலையைத் தடுக்கும் உலோக இழைப் பையில் சாவியை வையுங்கள், ஸ்பேர் சாவியையும் சேர்த்து. பையை நம்பும்முன் சோதியுங்கள்: சாவியைப் பைக்குள் போட்டு மூடி, வண்டியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் பை வீண். மடிப்பு தேயத் தேயப் பலன் குறையும், அவ்வப்போது சோதிக்க வேண்டும். சில சாவிகள் அசையாமல் இருந்தால் சில நிமிடத்தில் தூங்கிவிடும். சில வண்டிகளில் அமைப்புகளுக்குள் போய் இந்த வசதியையே நிறுத்தி வைக்கலாம். புதிய வண்டிகள் சிலவற்றில் யுடபிள்யூபி என்ற அலை இருக்கிறது. அது பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கும். ஒரு நானோவிநாடியில் அலை சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால், சுற்றிக்கொண்டு வந்த பதிலின் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாத்தையும் உடைக்கிறாங்கன்னா இந்த இம்மொபிலைசரே வீண்தானே?

இல்லவே இல்லை. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்த்தார்கள். 2011 முதல் சுமார் பத்து வருஷம் அங்கே விற்ற ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. இக்னிஷன் மூடியை உடைத்து, யுஎஸ்பி கேபிளின் முனையால் திருப்பியே ஓட்டிப்போகலாம் என்று சமூக ஊடகத்தில் பரவியதும் பதின்ம வயதுப் பிள்ளைகள்கூடத் திருடத் தொடங்கினார்கள். 2023இல் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம், ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007.

இன்றைய திருடர்கள் சாவியையே விட்டுவிட்டு வேறு வழியில் வருகிறார்கள். முகப்பு விளக்கின் ஒயரைப் பிரித்து வண்டிக்குள் கணினிகளை இணைக்கும் உள்வலையில் நுழைந்து, 'சாவி சரிபார்த்தாயிற்று' என்ற பொய்ச் செய்தியை அனுப்பும் முறை 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஓபிடி இணைப்பில் கருவியை மாட்டிப் புதுச் சாவி சேர்த்துவிடுவதும் உண்டு. இவற்றுக்குப் பை உதவாது. கண்ணுக்குத் தெரியும் ஸ்டியரிங் பூட்டு, ஓபிடி இணைப்புக்கு ஒரு பூட்டு, தனியாக மறைத்து வைத்த எரிபொருள் சுவிட்ச் போன்றவை உதவும். மின்னணுவும் இரும்பும் இரண்டும் இருக்கட்டும்.

கோடிங் போடும்போது வண்டி அப்படியே செத்துப்போயிடும்னு பயமுறுத்துறாங்களே?

அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது. பெரும்பாலும் காரணம் கார் பேட்டரி. எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் வெகுநேரம் போட்டிருப்பதால் பேட்டரி இறங்கும். கணினிக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தள்ளாடினால் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பேட்டரி பழசு என்றால் முன்பே சொல்லுங்கள், சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய தகவலை ஒரு நகல் எடுத்து வைத்தபின் எழுதுகிறாரா என்றும் கேளுங்கள்.

சாவி செய்யுறவரே தனக்கொண்ணு செஞ்சு வச்சுக்கிட்டா?

நியாயமான கேள்வி, என்னிடம் நேராகக் கேட்பவர்களை நான் தவறாக நினைப்பதில்லை. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். முடிந்ததும் கருவியின் திரையில் பட்டியலிலுள்ள எண்ணிக்கையைக் காட்டச் சொல்லி, கையிலுள்ள சாவிகளோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் ஏறாமல் நகலாக எடுத்த சிப்பை இந்த எண்ணிக்கை காட்டாது. ஏற்கெனவே உள்ள சாவியைப் பார்வைக்கு அப்பால் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். ரகசிய எண் அட்டையைப் போட்டோ எடுக்க விடாதீர்கள், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் வண்டி எண், தேதி, எத்தனை சாவி சேர்த்தது, எத்தனை அழித்தது என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். அந்த ரசீதைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.